கழுத்துக்குக் கீழே நாகேஷ்

எங்கள் தெருவில் நாகேஷுக்கு முகம் கிடையாது.

மானாமதுரை ரயில்வே காலனியில், 1980களின் பின்பாதியில், பிள்ளைகளை உள்ளே விடும் வீட்டில் ஒரே ஒரு டி.வி.தான் இருந்தது. கறுப்பு வெள்ளை. கதவு வைத்த பெட்டி. படம் முடிந்ததும் அத்தை கதவை இழுத்துச் சாத்தி, மேலே பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்திவிடுவார். கொடைக்கானல் மலையில் புறப்படும் அலை எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் களைத்துப்போயிருக்கும். திரை முழுக்கப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் கண், மூக்கு, வாய் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் வட்டமாகிவிடும். சிவாஜி கன்னத்துச் சதையை மட்டும் தனியாகத் துடிக்கவைப்பார் என்று பெரியவர்கள் சிலாகிப்பார்கள். எங்களுக்குக் கன்னமே தெரியாது, சதைக்கு எங்கே போவது? சாவித்திரி அழுகிறாரா சிரிக்கிறாரா என்பதைப் பின்னணி இசையை வைத்து முடிவு செய்துகொள்வோம். ஜெமினியா முத்துராமனா என்று தகராறு வந்தால், அவர் வாய் திறந்து பேசும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படும்.

நாகேஷ் விஷயத்தில் அந்தத் தகராறே வந்ததில்லை. திரையின் ஓரத்தில் ஒரு குச்சி உருவம் தலைகாட்டும். முழங்கை ஒரு திசையில் போகும், இடுப்பு வேறு திசையில் போகும், கால் மட்டும் ஏற்கெனவே வாசல்படியில் இருக்கும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில் "நாகேஷ்!" என்போம். கண்ணில் புரை விழுந்து, ஆள் அரவத்தை வைத்தே யார் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பாட்டிகூடச் சுவரில் சாய்ந்தபடி, "அந்தத் துறுதுறுப்புப் பய வந்துட்டானா?" என்று நிமிர்ந்து உட்காருவார். தமிழ் சினிமாவின் பெரிய பெரிய முகங்கள் எல்லாம் எங்கள் ஊர் எல்லையில் தோற்றுத் திரும்பின. கழுத்துக்குக் கீழே நடித்த ஒருவர் மட்டும் முழுசாக வந்து சேர்ந்தார்.

வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு. காலனியே அவரைக் கார்டு மாமா என்றுதான் கூப்பிடும். நாகேஷ் திரையில் வந்த உடனே மாமா ஒருமுறை தொண்டையைச் செருமுவார். அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். "நம்ம டிபார்ட்மென்ட் ஆளு." சினிமாவுக்கு வருமுன் நாகேஷ் சென்னையில் ரயில்வே குமாஸ்தா. தாராபுரத்துப் பிள்ளை, வீட்டில் கன்னடம் பேசுகிறவர், வேலை ரயில்வேயில். இந்த மூன்றில் மாமாவுக்கு மூன்றாவதுதான் முக்கியம். பெருமை அடங்குவதற்குள் அடுத்த வரியும் வந்துவிடும்.

"பெர்மனென்ட் வேலைய உதறிட்டுக் கூத்தாடப் போனான் பாரு. பாஸு, குவார்ட்டர்ஸு, பென்ஷனு, அம்புட்டையும் விட்டுட்டு. அதுக்கும் ஒரு இது வேணும்டா தம்பி."

அந்த 'இது' தைரியமா கிறுக்கா என்பதை மாமா கடைசிவரை விளக்கவில்லை. கேட்கிற பையனின் மார்க்கைப் பொறுத்து அது மாறும் என்று நினைக்கிறேன்.

ஆன்டெனாவைத் திருப்புவது மாமாவின் மூத்த மகன் பொறுப்பு. அவன் மொட்டை மாடியில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். படிக்கட்டில் ஒருவன், முற்றத்தில் ஒருவன், நிலைவாசலில் ஒருவன் என்று தகவல் மேலே ஏறும். "அங்கிட்டு... இன்னும் அங்கிட்டு... டேய் போதும்டா, இங்கிட்டு வா!" கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டால் கொடைக்கானல் போய் இலங்கை வந்துவிடும். ரூபவாஹினியில் யாரோ ஒருவர் சிங்களத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். நடுவில் நிற்கும் பையன்கள் தகவலைத் திரித்துவிடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா உள்ளே போய்த் தன் டியூட்டிப் பெட்டியைத் திறந்தார். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வந்தன. முற்றத்தில் நின்று, ஒரு கண்ணால் திரையையும் மறு கண்ணால் மாடியையும் பார்த்தபடி, வண்டி ஷன்டிங் செய்வதற்கான அத்தனை சைகைகளும் நடந்தேறின. மகனுக்கு அந்தப் பாஷை தெரியும், ரயில்வே குடும்பமாயிற்றே. சிவப்பு விழுந்த கணத்தில் அவன் கை நின்றது. திரையில் ஒரு ஓட்டல் சர்வர் தெளிவாக வந்து நின்றார்.

படம் 'சர்வர் சுந்தரம்'. 1964இல் வந்தது, கே.பாலசந்தர் எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்குத் தெரிந்தது ஒரு கை மட்டும். அந்தக் கையில் பாத்திரங்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அடுக்கு சாய்கிறது. அது சாயும் பக்கத்துக்கு உடம்பும் சாய்கிறது. உடம்பு சாய்ந்த கணக்கைச் சரிக்கட்ட ஒரு முழங்கால் எதிர்ப்பக்கம் கிளம்புகிறது. இவ்வளவும் நடக்கும்போது பாதம் நடையை நிறுத்தவில்லை. கூடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. விழுந்துவிடும் என்ற பயமும், விழாது என்ற நம்பிக்கையும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதை சோகக் கதை. ஓட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகிறான், காதல் கைகூடவில்லை, அம்மா சாகும்போது பக்கத்தில் இருக்க முடியவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் பாத்திர அடுக்கிலேயே இருந்தேன்.

இங்கே ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் என் மனத்தில் இரண்டு பேர் தனித்தனியாக இருந்தார்கள். ஒருவர் இந்தக் குச்சி உருவம். இன்னொருவர் தருமி. தருமியை நான் பார்த்ததே கிடையாது, கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் வீர அழகர் கோயில் சித்திரைத் திருவிழாவில் ரேடியோ செட்காரர் 'திருவிளையாடல்' கதை வசன இசைத்தட்டைப் போட்டுவிடுவார். கல்யாண வீட்டிலும் அதேதான், காதுகுத்திலும் அதேதான். வேப்ப மரத்தில் கட்டிய குழாயிலிருந்து தருமியின் புலம்பல் ஊர் முழுக்கக் கேட்கும். கீச்சென்று ஏறி, நடுவில் முறிந்து, மூக்கில் போய் உட்காரும் அந்தக் குரல் எங்கள் தெருவில் நண்டு சிண்டு எல்லோருக்கும் அத்துப்படி. வசனம் வரிசை தப்பாமல் சொல்லுவோம். அதை யாரோ ஒரு நடிகர் பேசுகிறார் என்ற எண்ணமே எனக்கு இல்லை. தருமி என்று ஒருவர் இருக்கிறார், அவர் திருவிழாதோறும் வந்து புலம்பிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிறு மாலையில் 'திருவிளையாடல்' படமே வந்தது. வண்ணப் படம். எங்களுக்கு வழக்கம்போலச் சாம்பல். கோயில் மண்டபத்தில் மேல்சட்டை இல்லாமல் குடுமியோடு ஓர் உருவம் தனியாகப் புலம்புகிறது. குரலைக் கேட்டதும் எல்லோரும் கூடவே வசனம் சொல்ல ஆரம்பித்தோம். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த முழங்கை எனக்குத் தெரிந்த முழங்கை. பயம் வந்தால் முழங்காலுக்கு முதலில் செய்தி போய், பிறகு இடுப்புக்கு, கடைசியாகத்தான் வாய்க்கு வந்து சேரும் உடம்பு அது. பாத்திரம் தூக்கிய ஆளும், வேப்ப மரத்துக் குழாயில் அழுத ஆளும் ஒன்று!

"மாமா, இவருதான் அந்த சர்வரா?"

"அட, இப்பத்தான் தெரியுமா ஒனக்கு? நம்ம டிபார்ட்மென்ட்டுடா."

அந்தக் காட்சியை எங்கள் டி.வி. காட்டிய விதத்தில் இன்றுவரை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிவாஜி சிவபெருமானாக அசையாமல் நிற்கிறார். முகத்தில் என்னென்ன செய்தாரோ, அது கொடைக்கானலிலேயே தங்கிவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு தூணும், அதைச் சுற்றி ஓடும் ஒரு கோடும். கோடு நெருங்குகிறது, விலகுகிறது, பின்வாங்கும்போதே குனிகிறது, ஆயிரம் பொன் என்ற பேச்சு வந்ததும் முதுகு நிமிர்ந்து பணக்கார நடை நடக்கிறது, ஒரு நொடியில் சந்தேகம் வந்து மறுபடி சுருங்குகிறது. வறுமை, ஆசை, பயம், புலமை இல்லாத புலவனின் வீம்பு, எல்லாமே அந்தக் கோட்டின் வளைவில் இருந்தன. படத்தை இயக்கிய ஏ.பி.நாகராஜனே நக்கீரராக வந்து அடுத்து சபையில் வாதம் செய்கிறார். கம்பீரமான வாதம்தான். ஆனால் எங்கள் கூடத்தில் அதற்குள் பாதிப் பேர் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார்கள்.

நடிப்பில் அவர் தொடங்கிய இடமே கழுத்துக்குக் கீழேதான். அலுவலக நாடகத்தில் ஒரு சின்ன வேடம் கேட்டு வாங்கினார். வயிற்றுவலிக்காரர் வேடம். மேடையில் அந்த வலியை அவர் பட்ட பாட்டைப் பார்த்து, நாடகத்துக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். பாராட்டினார் என்பது சினிமா உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. 1959இல் 'தாமரைக்குளம்' மூலம் திரைக்கு வந்த பிறகும் அந்த வயிறு அவரைக் கைவிடவில்லை. அறுபதுகளில் நகைச்சுவை என்றால் பெரும்பாலும் முழியை உருட்டுவதும் வாயைக் கோணுவதுமாக இருந்தபோது, நாகேஷ் வயிற்றிலிருந்து ஆரம்பித்தார். 'எதிர்நீச்சல்' மாடிப்படி மாது பத்து வீட்டு வேலையைச் சுமக்கும் முதுகு. 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி எந்தப் பெரிய மனிதருக்கு முன்னாலும் இரண்டு அங்குலம் கூடுதலாக வளையும் முதுகு. இரண்டும் 1968. ஒரே ஆண்டில் ஒரே முதுகெலும்பு ஒருமுறை அப்பாவியாகவும் ஒருமுறை அயோக்கியனாகவும் வளைந்திருக்கிறது. அவரைத் தென்னாட்டு ஜெர்ரி லூயிஸ் என்று எழுதுவது அன்றைய பத்திரிகைப் பெருந்தன்மை. ஜெர்ரி லூயிஸை அமெரிக்க நாகேஷ் என்று எவரும் எழுதியதாகக் காணோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இதன் விளைவு தெரிந்தது. மத்தியான இடைவேளையில் எவர்சில்வர் டிபன் டப்பாக்களை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அடுக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். பாத்திரம் சாய்ந்த பக்கம் சாய வேண்டும் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டேன். எதிர் முழங்கால் கிளம்பும் இடத்தில் கணக்கு சார் வந்துவிட்டார். தயிர்சாதம், புளியோதரை, யாரோ ஒருவனின் கூனிக் கருவாட்டுத் தொக்கு, அத்தனையும் சிமெண்டுத் தரையில். "கோணங்கி! நேரா நில்லுடா!" என்றார். பிரம்பு விழுந்த இடமும் கழுத்துக்குக் கீழேதான். வீட்டில் அம்மா விசாரித்துவிட்டு, "ஒழுங்கா ஒரு எடத்துல நிக்கவே தெரியாதா ஒனக்கு?" என்று தன் பங்குக்கு ஒன்று வைத்தாள். எங்கள் காலத்தில் கல்வி என்பதன் சாரமே அதுதான்: கையைக் கட்டு, நேராக நில்.

இதே பாடத்தைச் சமீபத்தில் எங்கள் அலுவலகத்தில் குளிரூட்டப்பட்ட அறையில் வைத்து மறுபடி நடத்தினார்கள். பாடி லாங்குவேஜ் பயிற்சி. வந்தவர் கோட்டு போட்டிருந்தார், காலரில் மைக். கையசைவு மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும், தோள் நேராக இருக்க வேண்டும், பேசும்போது காலை மாற்றி வைக்கக் கூடாது என்றார். கணக்கு சார் சம்பளத்துக்குள் முடித்துவிட்டார், இவருக்குத் தனியாக ஃபீஸ். உடம்பால் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியும் என்பதற்கு அவர் காட்டிய வீடியோ எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனி முதலாளிகள் மேடையில் நிற்பது. மேடையில் நிற்பது மட்டும்தான். எனக்கு 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்கு நாகேஷ் ஆடியது ஞாபகம் வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் வாத்தியக்காரர்களை நடத்த, டி.எம்.சௌந்தரராஜனும் எல்.ஆர்.ஈஸ்வரியும் மைக் முன்னால் நின்று பாட, இவருடைய கைகால்கள் யார் சொல்லையும் கேட்காமல் காற்றில் போகும் பாட்டு. 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் அது வரும் வெள்ளிக்கிழமைகளில் கார்டு மாமாவே டியூட்டி நேரத்தை மறந்து நின்றிருக்கிறார். பயிற்சியாளரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தோளை நேராக வைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கிக்கொண்டேன்.

நாகேஷின் முகம் எனக்குக் கிடைத்தது ரொம்பத் தாமதமாக. இப்போது என் வீட்டுச் சுவரில் 55 அங்குலத்தில் ஒரு டி.வி. மாட்டியிருக்கிறது. மாடிக்கு யாரும் ஏற வேண்டியதில்லை, கொடியும் வேண்டாம். ஒரு நாள் 'காதலிக்க நேரமில்லை' நல்ல பிரதியாகக் கிடைத்தது. ஸ்ரீதரின் 1964ஆம் வருடத்து ஈஸ்ட்மென் கலர் படம். சின்னமலை எஸ்டேட் பச்சையும், கார் சிவப்பும், சட்டைக் கட்டமும் கண்ணைப் பறித்தன. இத்தனை வண்ணம் அந்தப் படத்தில் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நடுவில் செல்லப்பா வந்தார். முதல்முறையாகக் கன்னத்து அம்மைத் தழும்புகளைப் பார்த்தேன். பவுடருக்கு அடங்காத தழும்புகள். சினிமாவில் முகம்தான் முதல் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அந்த முகத்தோடு ரயில்வே வேலையை விட்டு வந்திருக்கிறார். மாமா சொன்ன 'இது'வுக்கு அன்றைக்குக் கொஞ்சம் அர்த்தம் பிடிபட்டது.

சிரிக்கவைப்பவன் கண்ணில் சோகம் தெரியும் என்று எழுதுவது ஒரு வழக்கம். நான் ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சோகம் ஒன்றும் தென்படவில்லை. கணக்குதான் தெரிந்தது. செல்லப்பா தன் அப்பா விஸ்வநாதனிடம் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியில், நாகேஷின் கை கால் வாய் மூன்றும் காடு, கதவு, காற்று என்று ஆளுக்கொரு சத்தத்தையும் உருவத்தையும் உண்டாக்கிக்கொண்டிருக்க, கண் மட்டும் டி.எஸ்.பாலையாவை அளந்துகொண்டிருக்கிறது. பயம் எந்த அளவு ஏறியிருக்கிறது, அடுத்த சத்தத்தை இப்போதே போடலாமா, இன்னும் ஒரு மூச்சு பொறுக்கலாமா. பாலையாவும் லேசுப்பட்டவரா? தன் பயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார், மொத்தமாகக் கொட்டுவதில்லை. சொல்கிறவர் பாதி, கேட்கிறவர் பாதி. இருவரும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால்தான் அது காட்சி.

அந்தக் காட்சியைத்தான் கல்லூரியில் படிக்கும் என் மகள் போனில் வெட்டிக்கொண்டிருந்தாள். நெடுக்குவாட்டில் வரவேண்டுமாம். ஒருமுறை பாலையா முகம், ஒருமுறை நாகேஷ் முகம், மாறி மாறி. நாகேஷ் கையை வீசினால் கை திரைக்கு வெளியே போய்விடுகிறது. மணிக்கட்டு மட்டும் அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது.

"கை எங்கம்மா போச்சு?"

"ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சா ரொம்பக் குட்டியாத் தெரியுறாங்கப்பா. யாரும் பாக்க மாட்டாங்க."

குட்டியாக, அதுவும் பாதிப் புள்ளியாகத் தெரிந்த ஆளைத்தான் ஒரு காலனியே முண்டியடித்துக்கொண்டு பார்த்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பதிவேற்றிவிட்டாள். பிய்த்துக்கொண்டு போனது. மறுநாள் என் அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கே அது சுற்றி வந்து சேர்ந்தது. இன்றைக்கு நாகேஷ் இல்லாத வாட்ஸ்அப் குழு எது? சம்பளம் தாமதமானால் தருமி, அப்ரைசல் வந்தால் தருமி, கியாஸ் விலை ஏறினால் தருமி. எல்லாம் கழுத்துக்கு மேலே. எங்களுக்கு முகம் இல்லாத நாகேஷைக் கொடுத்த விஞ்ஞானம், என் பிள்ளைகளுக்கு உடம்பு இல்லாத நாகேஷைக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் ஒட்டினால் ஒரு முழு ஆள் வரும். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை இருப்பதால் அந்த வசதி உண்டு.

இந்தப் பின்னணியில்தான் மகனின் பள்ளி ஆண்டு விழா வந்தது. ஏழாம் வகுப்பு, தருமி வேடம். எனக்கு எழுந்த உற்சாகத்தைப் பார்த்து என் மனைவியே பயந்துவிட்டாள். குடுமி வாடகை, உருத்திராட்சம் வாடகை. வெற்று மார்பு கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் தோல் நிறத்தில் ஒரு பனியன், அதுவும் வாடகை. வசனத்தைப் பேச வேண்டியதில்லை, ஒலிப்பதிவு ஓடும், வாயை அசைத்தால் போதும். ஒத்திகைக்குப் போனேன். மேடையில் ஒரு டேப்பால் எக்ஸ் குறி ஒட்டியிருந்தார்கள்.

"கண்ணா, மார்க்க விட்டு நகரக் கூடாது. நகந்தா வீடியோல ஃப்ரேம் அவுட் ஆயிருவ" என்றார் மிஸ்.

விழா அன்று என் மகன் எக்ஸ் மேல் நின்று, கையை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, நாகேஷின் குரலுக்கு வாயசைத்தான். பக்கத்தில் சிவபெருமானாக வந்த பையன் பரதநாட்டியம் கற்றவனாம், அவன் திறமையும் வெளியே தெரிய வேண்டும் என்று நாலு ஜதி சேர்த்திருந்தார்கள். ஆகவே தருமி தூணாக நிற்க, சிவன் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். நல்ல கைத்தட்டல். என் மகனுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. நேராக நின்றதற்காக இருக்கும். எங்கள் கணக்கு சார் இருந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

பரிசு விஷயத்தில் நாகேஷின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். மூன்று தலைமுறையைச் சிரிக்கவைத்தவருக்கு நடிப்புக்கான தேசிய விருது வந்தது 1994ஆம் ஆண்டின் 'நம்மவர்' படத்துக்காக, சிறந்த துணை நடிகர். மகளைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தகப்பனாக அதில் நம்மை உலுக்கி எடுப்பார். கார்டு மாமா அப்போது ஓய்வு பெற்று மதுரையில் மகன் வீட்டில் இருந்தார். பார்க்கப் போயிருந்தபோது செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சிரிக்க வச்சப்ப ஒரு பய கண்டுக்கல. அழுதவொடனே கூப்பிட்டுக் குடுக்குறான் பாரு மெடலு." அடுத்த வரி வரும் என்று காத்திருந்தேன். பென்ஷன், குவார்ட்டர்ஸ், எதுவும் வரவில்லை. மாமா 58 வயதில் கொடியையும் விளக்கையும் ஒப்படைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் டிபார்ட்மென்ட்டை விட்டு ஓடிய ஆளோ இன்னும் ஷூட்டிங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். 2008இல் 'தசாவதாரம்' வரைக்கும் போனார், அடுத்த ஜனவரி கடைசி நாளில் போய்ச் சேர்ந்தார்.

'நம்மவர்' வந்த அதே 1994இல் 'மகளிர் மட்டும்' வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். ஆண்டு விழா முடிந்த வாரத்தில் அதைக் குடும்பத்தோடு பார்த்தோம், போனில் இல்லை, சுவரில். மருத்துவமனையிலிருந்து பெண்கள் தவறுதலாகத் தள்ளிக்கொண்டு வந்துவிடும் பிணமாக நாகேஷ். வசனம் கிடையாது. கண் இமை கிடையாது. ஒரு விரல் தானாக அசையாது. அவர்கள் இழுத்தால் வருகிறார், விட்டால் சாய்கிறார். சாய்கிற அந்தச் சாய்வு மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த சாய்வு. பாத்திரம் சாயும் பக்கம் சாய்ந்த அதே உடம்பு, இப்போது தானே பாத்திரமாகிவிட்டிருந்தது.

மகன் சோபாவிலிருந்து கீழே உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான். மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் மகன் எழுந்து உட்கார்ந்து ஒரு சந்தேகம் கேட்டான்.

"அப்பா, இவருக்கும் நகரக் கூடாதுன்னு எக்ஸ் போட்டிருப்பாங்களா?"

"போட்டிருப்பாங்கடா. இவரத் தூக்குறவங்களுக்கு."